அரசரைத் தவிர மற்ற எல்லாரும்

பாரசீகச் சிற்றோவியங்களில் எனக்கு அலுப்புத் தருகிற ஒரே ஆள் அரசர்தான். ஹெராத்தோ தப்ரீஸோ ஷிராஸோ, எந்த ஊரில் வரைந்த அரசவைக் காட்சியை எடுத்தாலும் மனிதர் ஒரே மாதிரிதான் உட்கார்ந்திருப்பார். அறுகோண ஆசனம், மேலே விதானம், மடித்த ஒரு கால், கையில் ஒரு சின்ன மதுக்கிண்ணம். முகத்தில் ஒன்றும் இருக்காது. போரில் வென்று வந்தவருக்கும் மகனைப் பறிகொடுத்தவருக்கும் அதே முழுநிலா முகம், அதே கீற்றுப் புருவம், அதே பொட்டு வாய். ஆனால் அதே படத்தின் ஓரத்துக்குப் போனால் அங்கே நடக்கிற கூத்தே வேறு. வாசலில் கோலோடு நிற்கும் காவலாள், உள்ளே நுழையப் பார்க்கும் ஒருவனை மறிக்கிறான். தட்டு ஏந்திப் போகிறவன் பின்னால் திரும்பி யாருக்கோ பதில் சொல்கிறான். மாடிச் சாளரத்தில் ஒரு பெண் கன்னத்தில் கை வைத்துக் கீழே நடப்பதைப் பார்க்கிறாள். குடித்துத் தலை தொங்கியவனை இரண்டு பேர் கைத்தாங்கலாக வெளியே கொண்டு போகிறார்கள். ஒருவன் ஆட்காட்டி விரலை உதட்டில் வைத்து வியந்து நிற்கிறான். வியப்புக்கு நம்மவர்கள் மூக்கில் விரல் வைப்பார்கள், அவர்களுக்கு உதடு. அந்த ஓவியங்கள் முழுக்க இந்த உதட்டு விரலைப் பார்க்கலாம். அரசர் மட்டும் ஒருநாளும் விரலைத் தூக்கியதாக எனக்கு நினைவில்லை.

ஓவியர்களுக்கு அரசரை வரைவது கடமை, மற்றவர்களை வரைவது ஆசை என்று நானாகவே ஒரு முடிவு கட்டி வைத்திருந்தேன். சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும் அபிப்பிராயம். நாலு பேர் கூடியிருந்து கதைக்கும்போது எடுத்துவிட்டால் தலையாட்டுவார்கள். அப்படித்தான் ஒரு நாள் என் பெறாமகளுக்கு இந்தப் படங்களைத் திரையில் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"பெரியப்பா, இதில ராசா ஆர்? எல்லாருக்கும் ஒரே முகம்."

ஆசனத்தில் இருப்பவரைக் காட்டினேன்.

"அவர் சும்மா இருக்கிறார். வாசல்ல நிக்கிற ஆள்தான் வேலை செய்யிறார். ராசா இதைப் பாத்திட்டுக் கோவிக்கேல்லையோ?"

சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டோம். அவள் அதை அன்றே மறந்திருப்பாள், எனக்குத்தான் பிறகு நித்திரை வரவில்லை. ஏனென்றால் இந்தப் படங்கள் கடைத்தெருவில் விற்க வரைந்தவை அல்ல. அரண்மனைக்குள்ளேயே கிதாப்கானா என்று ஒரு பட்டறை இருந்தது. நூலகமும் அதுதான், புத்தகம் செய்யும் இடமும் அதுதான். காகிதத்தைக் கல்லால் தேய்த்து மினுக்குபவர், எழுத்தர், ஓரக்கோடு போடுபவர், பொன் தகடு தட்டுபவர், ஓவியர், கட்டுநர் எல்லாருக்கும் படியளந்தவர் அரசர். பதக்‌ஷான் மலைகளிலிருந்து வந்த நீலக்கல்லை அரைத்துத்தான் அந்த நீலம். வானத்துக்குப் பொன், வாய்க்காலுக்கு வெள்ளி. (வெள்ளி காற்றுப்பட்டுக் கறுத்துப்போனதால் இன்று பல படங்களில் அரண்மனைத் தோட்டத்து நீரோடைகள் கரியாக ஓடுகின்றன. வரைந்த அன்று அவை மின்னியிருக்கும்.) இத்தனை காசைக் கொட்டிச் செய்வித்த புத்தகத்தில் தன் இனத்து ஆள் மரப்பாவையாகவும் வாசற்காரன் உயிருள்ளவனாகவும் இருப்பதைக் காசு கொடுத்தவர் எப்படிப் பொறுத்துக்கொண்டார்?

முகம் வரையத் தெரியாமல் இல்லை

முதலில் தோன்றும் சமாதானம், அவர்களுக்கு முகம் வரைவதில் அக்கறையோ தேர்ச்சியோ இல்லை என்பது. பாபரே ஏறக்குறைய இப்படி ஒரு குறை சொல்லியிருக்கிறார். 1506இல் ஹெராத்துக்குப் போய் வந்த அவர், தன் நினைவுக்குறிப்பில் அந்த நகரத்து ஓவியர் பெஹ்ஸாதை மெச்சிவிட்டு, தாடி உள்ள முகங்களை நன்றாக வரைகிறார், தாடி இல்லாத முகங்கள் அவருக்குச் சரியாக வருவதில்லை, கீழ்த்தாடைச் சதையை மிகைப்படுத்துகிறார் என்று எழுதுகிறார். பேரரசுக்கு அடிக்கல் போடப் போகிற ஒருவர் இரட்டைத் தாடையைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஆனால் அந்தப் பெஹ்ஸாத் வரைந்ததாகச் சொல்லப்படும் ஷைபானி கானின் தனிப் படம் ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1507இல் ஹெராத்தைப் பிடித்த உஸ்பெக் தலைவர் அவர். பருத்த உடம்பு, அசையாத அமர்வு. தெருவில் எதிரே வந்தால் அடையாளம் கண்டுகொள்ளலாம். தேவைப்பட்டபோது அவர்களால் ஓர் அரசரை ஆளாகவே வரைய முடிந்தது. கதைப் புத்தகத்துக்குள் வரும் அரசருக்கு மட்டும் அது தேவைப்படவில்லை.

16ஆம் நூற்றாண்டிலிருந்து ஈரானை ஆண்ட சஃபாவித் வம்சத்தின் காலத்துப் படங்களில் இது இன்னும் வெளிப்படை. அவர்களின் தலைப்பாகை நடுவில் ஒரு குச்சி நிமிர்ந்து நிற்கும். ஷியா முஸ்லிம்களின் பன்னிரண்டு இமாம்களுக்காகப் பன்னிரண்டு மடிப்புக் கொண்ட குல்லாயின் நுனி அது. அரச குடும்பத்துக்கும் அவர்களை ஆதரித்த கிஸில்பாஷ் படையினருக்கும் அதுதான் சின்னம். அந்த வம்சத்து மன்னர் ஷா தஹ்மாஸ்புக்காக 1520களில் தப்ரீஸில் தொடங்கிய, ஷாநாமா என்ற அரசர் கதைக் காவியத்தின் பிரதியில் இஸ்லாம் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பு வாழ்ந்த புராண மன்னர்களும் இதே குச்சித் தலைப்பாகையோடு கொலுவிருக்கிறார்கள். காலப்பிழை என்று கை காட்டிச் சிரிக்க ஒன்றுமில்லை. நம் கோயில் சுவர்களில் நாயக்கர் காலத்து இராமன் நாயக்கர் காலத்து நகை போடவில்லையா. கதையில் யார் ஆண்டாலும் படத்தில் தெரிவது படம் செய்வித்தவரின் அரண்மனைதான். அந்த ஆசனத்தில் உட்கார்ந்திருப்பது ஒரு மனிதரே இல்லை, ஒரு பதவி. பதவிக்கு எதற்கு முகம் என்று ஒரு பதில் சொல்லலாம். அது அரசரின் வெறுமைக்குப் பதிலாகும், வாசற்காரனின் உயிர்த்துடிப்புக்குப் பதிலாகாது.

கேலி செய்தார்களா?

அடுத்த சமாதானம் எங்கள் தலைமுறைக்குச் சட்டென்று தோன்றுவது. ஓவியன் மறைமுகமாக அதிகாரத்தைக் கேலி செய்கிறான். எனக்கும் இது கொஞ்ச நாள் ருசித்தது. ஆதாரத்துக்கும் பஞ்சமில்லை. பாரசீகக் கவிஞர் நிஜாமியின் ஐந்து காவியங்களுக்கு 1490களில் ஹெராத்தில் உருவான பிரதி ஒன்று இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் கலீஃபா ஹாரூன் அல் ரஷீத் குளியற்கூடத்தில் இருக்கிறார். மேலாடை இல்லை, கிரீடம் இல்லை. இடுப்பில் துண்டு, தலையில் நாவிதரின் கை. பக்கத்து அறையில் ஓர் ஆள் நீண்ட கழியால் ஈரத் துண்டுகளை உயரக் கொடியில் போடுகிறான். உடையைக் கழற்றிய பிறகு உலகாளும் கலீஃபா யார், காசு கொடுத்துக் குளிக்க வந்த இன்னொருவன் யார் என்று கண்டுபிடிக்க நேரமெடுக்கிறது. அதே பிரதியில் கவர்னக் கோட்டை கட்டும் காட்சி இருக்கிறது. சாரம் கட்டி ஏணி சார்த்தி, கீழே சாந்து குழைத்து, கல் சுமந்து, மேலே எறிந்து, பிடித்து, அடுக்கி, படம் முழுக்க வேலையாட்கள். அரசரின் நிழல்கூட இல்லை. அந்தக் கோட்டையைக் கட்டிய சின்மாரை, இதைவிடச் சிறந்த ஒன்றை அவன் வேறு யாருக்கும் கட்டிவிடக் கூடாது என்று மன்னர் நுஃமான் உச்சியிலிருந்து தள்ளிக் கொல்வித்தார் என்பது கதை. ஓவியர் கொலையை வரையவில்லை, வேலையை வரைந்தார்.

ஆனால் இந்தக் கேலிக் கருத்து நிலைக்காது. ஓவியன் எதையும் ஒளித்துக் கொண்டுவரவில்லை, மூலக் கதையே அரசரைத் திட்டுகிறது. நிஜாமியில் மன்னர் நவுஷிர்வான் பாழடைந்த ஊரில் இரண்டு ஆந்தைகள் பேசுவதைக் கேட்டு, என்ன பேசுகின்றன என்று அமைச்சரிடம் விசாரிக்கிறார். 'கலியாணச் சீர் பேசுகின்றன மன்னா, இந்தப் பாழூரோடு இன்னும் சில பாழூர்கள் சீதனமாகக் கேட்கிறது ஒன்று. இந்த அரசர் இருக்கும்வரை பாழூர்களுக்கு என்ன குறை, ஆயிரம் தருகிறேன் என்கிறது மற்றது' என்கிறார் அமைச்சர். தஹ்மாஸ்புக்காக 1539க்கும் 1543க்கும் இடையில் செய்த நிஜாமி பிரதியில் இதையும் வரைந்திருக்கிறார்கள். இடிந்த சுவர், ஆந்தைகள், சுவரில் யாரோ கிறுக்கிவிட்டுப் போன எழுத்துகள் வரை. இதைச் சொல்லித்தான் இளவரசர்களை வளர்த்தார்கள். குட்டு வைக்கும் கதையைப் பொன்னெழுத்தில் எழுதுவித்து மடியில் வைத்துக்கொள்வது அந்த அரசவைகளில் பண்பட்டவன் என்பதற்கு அடையாளம். குட்டுப்பட்டு யாராவது திருந்தினார்களா என்பது வேறு கதை. கேட்டுச் சுவைப்பதற்கும் திருந்துவதற்கும் சம்பந்தமில்லை என்பதை நாமும் பட்டிமன்ற மேடைகளில் பார்த்திருக்கிறோம்.

நான் அதிக நேரம் உட்கார்ந்தது கவிஞர் சஅதியின் நீதிக்கதை நூலான போஸ்தானின் பிரதியில் உள்ள ஒரு படத்தின் முன். ஹெராத்தில் சுல்தான் ஹுசைன் பாய்கராவுக்காக 1488இல் செய்யப்பட்டு இன்று கெய்ரோவில் இருக்கும் பிரதி. அதில் நான்கு படங்களில் பெஹ்ஸாதின் கையொப்பம் இருக்கிறது. நான் சொல்வது தாரா மன்னரும் குதிரை மேய்ப்பவனும் வரும் படம். வேட்டையில் பரிவாரத்தைப் பிரிந்து தனித்துப்போன தாராவை நோக்கி ஒருவன் ஓடி வருகிறான். எதிரி என்று நினைத்து மன்னர் வில்லை எடுக்கிறார். 'நான் உங்கள் குதிரைகளை மேய்ப்பவன்' என்று அவன் கத்துகிறான். மன்னர் சிரித்து, நல்லகாலம் தப்பித்தாய் என்கிறார். அவன் அதோடு விடவில்லை. 'எத்தனையோ தடவை உங்கள் சபையில் என்னைப் பார்த்திருக்கிறீர்கள், குதிரைகளைப் பற்றியும் மேய்ச்சலைப் பற்றியும் விசாரித்திருக்கிறீர்கள். இப்போது என்னைத் தெரியவில்லை. நூறாயிரம் குதிரைகளில் நீங்கள் கேட்கிற ஒன்றை என்னால் பிரித்துக் கொண்டுவர முடியும்' என்கிறான். படத்தில் புல்வெளியில் குதிரைகள் மேய்கின்றன, ஒரு குட்டி தாயிடம் பால் குடிக்கிறது. ஒவ்வொரு குதிரையும் வேறு வேறு. மேய்ப்பவன் பெருமையடித்தது உண்மைதான் என்பதற்குப் பெஹ்ஸாத் சாட்சி சொல்கிறார். தாராவின் முகத்தில் வழக்கம்போல் ஒன்றுமில்லை.

இந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிய ஹுசைன் பாய்கரா எப்படிப்பட்டவர் என்று பாபர் எழுதி வைத்திருக்கிறார். தினமும் பகல் தொழுகைக்குப் பிறகு குடிப்பார், ஆட்டுக்கடாச் சண்டை, சேவல் சண்டை, புறா விடுவது எல்லாம் உண்டு. அவருடைய அந்தப் பிரதியின் முகப்பே ஓர் அரண்மனை விருந்துக் காட்சிதான். இரண்டு பக்கங்களுக்கு விரிகிறது. சாடிகள், மது தயாரிக்கும் ஏற்பாடு, நிதானம் தப்பிய விருந்தாளிகள் எல்லாம் அதில் உண்டு. சுல்தான் அதைப் பார்த்துக் கோபிக்கவில்லை. அந்த முகப்பைத் திறந்து தாண்டித்தான் அவர் தாராவிடமே போயிருக்க வேண்டும்.

யார் கண்ணுக்காக?

எனக்கு விடை கிடைத்தது இந்தப் படங்களின் சுவர்களில். பாரசீக ஓவியர்கள் ஒரு மாளிகையை வரையும்போது முன்சுவரை எடுத்துவிடுவார்கள். உள்ளே விரித்த கம்பளத்தை மேலிருந்து பார்ப்பதுபோல முழுதாக விரிப்பார்கள், அதன்மேல் இருப்பவர்களை நேரே நின்று பார்ப்பதுபோல் வரைவார்கள். தோட்டம், வேலி, வாசல், வாசலுக்கு வெளியே கடிவாளம் பிடித்துக் காத்திருப்பவன், மாடிக் கைப்பிடிச் சுவர், அதற்கு அப்பால் வானம் எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே தெளிவோடு தெரியும். தூரத்திலிருப்பது சிறுக்காது. நிழல் கிடையாது. இரவுக் காட்சியென்றால் பிறையும் மெழுகுவர்த்தியும் இருக்கும், இருட்டு இருக்காது. இதைத் திறமைக் குறைவு என்று எழுதிய காலம் மலையேறிவிட்டது. நான் யோசித்தது வேறொன்று. இந்தக் காட்சியை அந்த அரண்மனையில் எங்கே நின்றால் பார்க்க முடியும்? எங்கேயும் முடியாது. வாசற்காரனுக்கு உள்ளே நடப்பது தெரியாது. சாளரத்துப் பெண்ணுக்கு அடுக்களை தெரியாது. எல்லாரையும்விடக் குறைவாகத் தெரிவது ஆசனத்தில் இருப்பவருக்கு. அவருக்கு எதிரே குனிந்த தலைகள் மட்டும்தான். அவர் போகுமிடமெல்லாம் பேச்சு நின்றுவிடும், தள்ளாடுகிறவன் நிமிர்ந்துவிடுவான், வாசலில் நடந்த தள்ளுமுள்ளு அவர் வருவதற்குள் அடங்கிவிடும். தன் வீடு எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கொடுத்துவைக்காத ஒரே ஆள் அந்த வீட்டுக்காரர்தான்.

அவருக்குத்தான் இந்தப் புத்தகம். தஹ்மாஸ்ப் ஷாநாமாவின் ஒரு தாள் ஏறத்தாழ 47 சென்டிமீட்டர் உயரம், 32 சென்டிமீட்டர் அகலம். சுவரில் மாட்டும் பொருள் இல்லை. மடியிலோ சிறு பீடத்திலோ வைத்து, ஒருவர், மிஞ்சிப்போனால் தோளுரசிக் குனிந்த மூன்று நாலு பேர் பார்க்கலாம். படத்தைப் பார்க்கிறவர் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் படத்துக்குள்ளும் போய் ஆசனத்தில் உட்கார்ந்திருப்பவரைத் தேடப் போவதில்லை, அது அவருக்குத் தெரிந்த இடம். அவர் கண் நேரே வாசலுக்குப் போகும்.

இதற்கு எதிர்ச்சாட்சி வேண்டுமென்றால் இஸ்ஃபஹானின் செஹெல் சோதூன் மாளிகைச் சுவர்களைப் பார்க்கலாம். 1647இல் கட்டி முடித்த மண்டபம், வெளிநாட்டுத் தூதர்களை வரவேற்கும் இடம். தஹ்மாஸ்ப் நாடிழந்து வந்த ஹுமாயூனை உபசரித்த காட்சியை அங்கே பெரிய சுவரோவியமாக வைத்திருக்கிறார்கள். இரண்டு மன்னர்களும் நட்டநடுவே, மீசையும் தோரணையுமாக, மண்டபத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற அளவில். ஏவலர்கள் அவரவர் இடத்தில் ஒழுங்காக இருக்கிறார்கள். அது ஊரார் பார்க்க வைத்தது, அங்கே அரசருக்கு முகம் வேண்டும். புத்தகம் அரசர் பார்க்க வைத்தது, அதில் மற்றவர்களுக்கு முகம் வேண்டும்.

இவ்வளவு தூரம் வந்த பிறகும் இது என் கற்பனைதானோ என்ற சந்தேகம் இருந்தது. அதைத் தீர்த்தது தஹ்மாஸ்ப் கையாலேயே வரைந்த ஒரு படம். 1514இல் பிறந்து பத்து வயதில் பட்டத்துக்கு வந்த தஹ்மாஸ்ப் சிறுவயதில் பட்டறையிலேயே கிடந்தவர். தலைமை ஓவியர் சுல்தான் முஹம்மதிடம் ஓவியம் கற்றவர். அவர் வரைந்து தம்பி பஹ்ராம் மிர்ஸாவுக்குக் கொடுத்த படம் ஒன்று இஸ்தான்புல் தோப்கபி அரண்மனையில் உள்ள தம்பியின் தொகுப்பேட்டில் இருக்கிறது. அதில் ஆசனம் இல்லை, அரசர் இல்லை, வேட்டையும் போரும் இல்லை. அரண்மனைப் பணியாட்கள். தொந்தியும் தொப்பையுமாக, வீட்டுக்குள் வைத்த பட்டப்பெயரைச் சொல்லி அண்ணனும் தம்பியும் சிரிப்பதற்கென்றே வரைந்தது போன்ற ஆட்கள். உலகத்தில் எதை வேண்டுமானாலும் வரையலாம் என்ற நிலையில் இருந்த ஓர் அரசன் தூரிகையை எடுத்ததும் வரைந்தது தன் வேலைக்காரர்களை. கலைத்திறன் என்று பார்த்தால் சுமாரான படம்தான், ஆசிரியர் முகம் சுளித்திருப்பார். ஆனாலும் அதைப் பார்த்த பிறகு பெறாமகளின் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. கோவிக்கேல்லை பிள்ளை, அவருக்கும் அந்த வாசற்காரனைத்தான் பிடிச்சிருந்தது.

சுவர் இல்லாத அரசவை

அதே தொகுப்பேட்டுக்கு 1544இல் ஓவியர் தோஸ்த் முஹம்மத் ஒரு முன்னுரை எழுதினார். அதில் சுல்தான் முஹம்மதின் படம் ஒன்றைக் குறிப்பிடுகிறார். சிறுத்தைத்தோல் உடுத்த மனிதர்கள் நிறைந்த அந்தப் படத்தைக் கண்டு துணிச்சல்கார ஓவியர்களும் மனம் நொந்து வெட்கித் தலைகுனிந்தார்கள் என்கிறார். உலகின் முதல் அரசரான கயூமர்ஸின் அவை. தஹ்மாஸ்ப் ஷாநாமாவைச் சேர்ந்த அந்தத் தாள் இன்று நான் இருக்கும் டொராண்டோவில், ஆகா கான் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. காகித ஓவியங்களை எப்போதும் வெளிச்சத்தில் வைக்க முடியாது என்பதால் போனவுடன் பார்த்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

என் கொள்கை முழுவதையும் கவிழ்த்துப்போடுகிற படம் அது. கயூமர்ஸ் மலையுச்சியில் இருக்கிறார். கட்டடம் இல்லை, விதானம் இல்லை, வாசலே இல்லை. தோலாடை உடுத்த குடிகள் அவரைச் சுற்றி வட்டமாகப் பாறைகளின்மேல் இருக்கிறார்கள், சிங்கமும் மானும் ஒன்றாகக் கிடக்கின்றன, பாறைகளுக்குள்ளேயே மனித முகங்களும் விலங்கு முகங்களும் ஒளிந்திருக்கின்றன. இதில் அரசருக்கு முகம் இருக்கிறது. தலையைச் சாய்த்து மகன் சியாமக்கைப் பார்க்கிறார். அந்த மகன் கரிய அரக்கனின் கையில் சாகப் போகிறான். இந்தப் படத்தில் ஓரம் எது, நடு எது என்று பிரிக்க முடியாது. எல்லாரும் எல்லாருக்கும் தெரிகிறார்கள். சுவர் எழும்பாத காலத்து அரசருக்கு மட்டும் தன் ஆட்களைப் பார்க்கவும், பார்த்து வருந்தவும் சுல்தான் முஹம்மத் அனுமதி கொடுத்திருக்கிறார். இதற்குப் பிறகு வருகிற 200க்கு மேற்பட்ட படங்களில் அரண்மனைகள் வந்துவிடுகின்றன, ஓடு பதித்த சுவர்கள் வந்துவிடுகின்றன, கோல் பிடித்த காவலாட்கள் வந்துவிடுகிறார்கள். அரசர்களின் முகமும் காலியாகிவிடுகிறது.

பிறகு

தஹ்மாஸ்புக்கு வயது ஏற ஏறப் பக்தி மிகுந்தது. மதுவை விட்டார், ஓவியத்திலும் அக்கறை விட்டுப்போனது. 258 படங்கள் கொண்ட அந்த ஷாநாமாவை 1568இல் உஸ்மானியச் சுல்தான் இரண்டாம் சலீமுக்குப் பரிசாக அனுப்பிவிட்டார். தோப்கபியில் ஏறக்குறைய 1800இல், அரண்மனைத் துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாக இருந்த மெஹ்மத் ஆரிஃப் என்பவர் ஒவ்வொரு படத்துக்கும் கதைச்சுருக்கம் துருக்கியில் எழுதி வைத்தார். வேறொரு அரண்மனைக்காரர்களுக்கு இந்த வீட்டு ஆட்கள் யாரென்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் வயிறு எரியும். பாரிஸ் வழியாக 1959இல் அமெரிக்கச் சேகரிப்பாளர் ஹூட்டன் கைக்குப் போய், 1970களில் பிரிக்கப்பட்டு, 78 படங்கள் நியூயார்க்குக்கும் மற்றவை ஏலத்துக்கும் போயின. மிச்சமிருந்த 118 படங்கள் 1994இல் வியன்னா விமான நிலையத்தில் டி கூனிங் வரைந்த ஒரு பெண்ணின் படத்துக்கு ஈடாக ஈரானுக்குத் திரும்பின. ஒரு தாளின் பின்பக்கத்திலேயே கதையின் அடுத்த அடி இருக்கும். தாள் தாளாகப் பிரித்து விற்றவர்களுக்கு அது ஒரு பொருட்டாகப் படவில்லை.

ஓவியர்களும் பிரிந்தார்கள். மீர் சையித் அலியும் அப்துஸ் ஸமதும் ஹுமாயூனோடு போய்ச் சேர்ந்து, இந்தியாவில் முகலாய ஓவியத்துக்கு வழி போட்டார்கள். அங்கே கதை தலைகீழாயிற்று. அக்பர் தன் பெருமக்கள் எல்லாரையும் உருவொப்புமையோடு வரையச் சொன்னார். ஜஹாங்கீரின் அவைப்படங்களில் ஒவ்வொரு முகமும் ஓர் ஆள், அவரவர் தகுதிக்கேற்ற இடத்தில், பக்கவாட்டில் திரும்பி, விறைப்பாக, கலியாண வீட்டுக் குரூப் போட்டோவில் நிற்பதுபோல. யார் வந்தார், யார் வரவில்லை என்று பிற்பாடு சரிபார்க்கலாம். அற்புதமான ஓவியங்கள்தான், மறுக்கவில்லை. எனக்கு என்னமோ அவற்றில் ஒரு தட்டு ஏந்துபவன் பின்னால் திரும்பிப் பேசிவிட மாட்டானா என்றிருக்கும்.

ஈரானில் ஓரத்து ஆட்கள் அரசரைத் தனியே விட்டுவிட்டுப் புறப்பட்டார்கள். 17ஆம் நூற்றாண்டு இஸ்ஃபஹானில் ரிஸா அப்பாஸியின் காலத்தில் புத்தகத்தில் சேராத தனித்தாள் ஓவியங்கள் பெருகின. கிண்ணம் ஏந்திய ஓர் இளைஞன், சாய்ந்து படுத்திருக்கும் ஒரு பெண், வில்லாளி, கிழவர், யாத்திரிகர். முன்பு கொலுக்காட்சியின் மூலையில் இருந்தவர்கள் இப்போது தாள் முழுவதும் இருக்கிறார்கள். இவர்களை வாங்க அரசராக இருக்க வேண்டியதில்லை, வசதியுள்ள வணிகர் போதும். பெயரிலேயே ஷா அப்பாஸைச் சுமந்த ரிஸா, அரண்மனையை விட்டு மல்யுத்தக்காரர்களோடு திரிகிறார், திறமையை வீணாக்குகிறார் என்று அரசவை வரலாற்றாசிரியர் இஸ்கந்தர் பெக் அங்கலாய்த்திருக்கிறார். அவருக்கு உத்தியோகம் அப்படி. ரிஸா வீணாக்கியதாக எனக்குத் தெரியவில்லை.

ரிஸாவின் மாணவர் முயின் முஸவ்விர் தன் ஆசிரியரை வரைந்த படம் ஒன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1635இல், ரிஸா இறந்த ஆண்டில், தொடங்கி 1673இல்தான் முடித்தார். கிழவர் தரையில் உட்கார்ந்து, மூக்கில் கண்ணாடி வைத்துக்கொண்டு, ஐரோப்பிய உடை போட்ட ஓர் ஆளை வரைந்துகொண்டிருக்கிறார். பெறாமகளுக்கு அடுத்த தடவை இதைத்தான் முதலில் காட்ட வேண்டும். இதில் ராசா ஆர் என்று கேட்க மாட்டாள், அந்த வெள்ளைக்காரன் ஆர் என்று கேட்பாள். அதற்கு நான் இன்னும் வாசிக்க வேண்டியிருக்கிறது.